வயிற்றில் தேங்கும் நீர்: குடித்த நீரா, கசிந்த நீரா?

மாணவர்களே, தமிழில் ‘வயிறு’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு இடங்களுக்குப் பயன்படுத்துகிறோம். சாப்பிட்ட இட்லி போய்ச் சேரும் பையும் வயிறுதான். நெஞ்சுக்குக் கீழே இடுப்பு வரை உள்ள முழுப் பகுதியும் வயிறுதான். அன்றாடப் பேச்சில் இதனால் சிக்கல் வருவதில்லை. ஆனால், கணையப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருக்கும் தாத்தாவுக்கோ பெரியம்மாவுக்கோ “வயிற்றில் நீர் தேங்கியிருக்கிறது” என்று மருத்துவர் சொல்லும்போது, இந்தச் சொல் ஒரு குடும்பத்தையே குழப்பிவிடக்கூடும். “தண்ணீர் அதிகமாகக் குடித்ததால்தான் வயிறு வீங்கிவிட்டது, இனிமேல் குடிக்கக் கொடுக்காதீர்கள்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நாக்கு வறண்டு படுத்திருப்பவருக்கு ஒரு வாய் நீர்கூடக் கிடைக்காமல் போகும்.

நம் குடும்பங்களில், மருத்துவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்வதைப் பெரியவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு பல வேளைகளில் உங்களைப் போன்ற பிள்ளைகளிடமே வருகிறது. அந்த நீர் எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது, அதை எப்படி வெளியேற்றுகிறார்கள், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

பைக்கு உள்ளே இல்லை, வெளியே

நாம் விழுங்கும் உணவும் நீரும் உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போகின்றன. அங்கிருந்து சிறுகுடல், பெருங்குடல் என்று பயணம் தொடர்கிறது. இது வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் ஒரு நீண்ட குழாய். குடித்த நீர் இந்தக் குழாயின் சுவர் வழியாக உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேரும். உடலுக்குத் தேவையானது போக மிஞ்சியதைச் சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடும்.

இந்தக் குழாய், கல்லீரல், மண்ணீரல் ஆகிய எல்லாம் இருக்கும் பெரிய அறைதான் வயிற்றறை. அதன் உட்சுவரிலும் உறுப்புகளின் மேற்பரப்பிலும் மெல்லிய, வழவழப்பான ஒரு சவ்வு படர்ந்திருக்கிறது. அதற்குப் பெரிட்டோனியம் என்று பெயர். மடிப்பு மடிப்பாக இருக்கும் இந்தச் சவ்வை விரித்துப் பரப்பினால், ஏறக்குறைய நம் உடல் தோலின் பரப்பளவுக்கு வரும். நலமாக இருப்பவரின் பெரிட்டோனியத்தின் இரு அடுக்குகளுக்கு இடையே சில தேக்கரண்டி அளவு நீர் மட்டுமே இருக்கும். குடல் நெளியும்போது உரசாமல் வழுக்கிச் செல்ல அது உதவுகிறது.

நோயில் இந்த இடைவெளியில்தான் நீர் தேங்குகிறது. சில தேக்கரண்டி இருக்க வேண்டிய இடத்தில் 5 லிட்டர், 8 லிட்டர்கூடச் சேரலாம். இந்த நிலையை மருத்துவர்கள் அசைட்டிஸ் என்கிறார்கள். தோல்பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நம் பழைய மருத்துவ வழக்கில் இதற்கு மகோதரம் என்று பெயர். ‘பெரிய வயிறு’ என்பதே அதன் பொருள்.

ஆக, தேங்கும் நீர் இரைப்பையில் இல்லை, குடலிலும் இல்லை. குடித்த நீர் நேராக அங்கே போய்ச் சேர வழியும் இல்லை. அப்படியென்றால் அது எங்கிருந்து வருகிறது? இரத்தக் குழாய்களிலிருந்து.

இரத்தக் குழாயில் ஓர் இழுபறி

இதை விளக்கியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர். 1896ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வு, உடலில் நீர் எப்படி இடம் மாறுகிறது என்பதற்கு அடிப்படையாக அமைந்தது. சுவையான செய்தி ஒன்று: இதே ஸ்டார்லிங்தான் வில்லியம் பேலிஸ் என்பவருடன் சேர்ந்து 1902இல், கணையத்தைச் சுரக்கத் தூண்டும் செக்ரெட்டின் என்ற பொருளையும் கண்டறிந்தார். ‘ஹார்மோன்’ என்ற சொல்லை 1905இல் அறிமுகப்படுத்தியவரும் அவரே.

நம் உடலின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு நுண்குழாய்கள் அல்லது தந்துகிகள் என்று பெயர். அவற்றின் சுவரில் நீர் கசியக்கூடிய நுண்ணிய இடைவெளிகள் உண்டு. இதயம் தள்ளும் அழுத்தம், நீரை வெளியே தள்ளுகிறது. பாடநூல்களில் காணும் பொதுவான அளவின்படி, நுண்குழாயின் தொடக்கத்தில் இந்த அழுத்தம் சுமார் 35 மில்லிமீட்டர் பாதரச அளவு. முடியும் இடத்தில் சுமார் 15.

எதிர்ப்பக்கம் இழுப்பது எது? இரத்தத்தில் உள்ள புரதங்கள், குறிப்பாக ஆல்புமின். கல்லீரல் தயாரிக்கும் இந்தப் புரதம் பெரிய மூலக்கூறு என்பதால், எளிதில் வெளியே கசிய முடியாது. அது குழாய்க்குள் இருந்துகொண்டு, பஞ்சு போல நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. சவ்வூடு பரவல் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதே விதிதான் இங்கும். இந்த இழுவிசை சுமார் 25. முதலில் 35க்கும் 25க்கும் நடக்கும் போட்டியில் நீர் வெளியேறுகிறது. பிறகு அழுத்தம் குறையக் குறைய, கசிவும் குறைகிறது.

வெளியேறிய நீர் முழுவதும் அதே குழாய்க்குத் திரும்புவதில்லை. மிஞ்சியதை நிணநீர்க் குழாய்கள் அள்ளிச் சென்று, கழுத்தருகே உள்ள பெரிய இரத்தக் குழாயில் மீண்டும் சேர்க்கின்றன. நாளொன்றுக்குச் சில லிட்டர் நீர் இப்படி ஓசையில்லாமல் திரும்புகிறது.

தள்ளும் அழுத்தம், இழுக்கும் ஆல்புமின், அள்ளிச் செல்லும் நிணநீர் ஆகிய மூன்றும் சரியாக இருக்கும்வரை எங்கும் நீர் தேங்காது.

கணையப் புற்றுநோயில் எது கெடுகிறது?

கணையம் சுமார் 15 செண்டிமீட்டர் நீளமுள்ள உறுப்பு. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஒளிந்திருக்கிறது. அங்கே கட்டி வளர்ந்தாலும் தொட்டுப் பார்த்து அறிவது கடினம். அதனால்தான் பலருக்கு நோய் பரவிய பின்பே தெரிய வருகிறது. பரவிய நோய், நாம் பார்த்த மூன்றையுமே கெடுக்கக்கூடும்.

முதலாவது, பெரிட்டோனியம். புற்றுநோய் அணுக்கள் அந்தச் சவ்வில் சிறு சிறு திட்டுகளாகப் படிகின்றன. அவை சுரக்கும் பொருள்கள், நுண்குழாய்களின் சுவரை வழக்கத்தைவிட அதிகமாகக் கசிய வைக்கின்றன. அதே அணுக்கள் நிணநீர்ப் பாதைகளையும் அடைக்கின்றன.

இரண்டாவது, அழுத்தம். குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய், கணையத்தை ஒட்டியே போகிறது. கட்டி அதை நெருக்கினாலோ, கல்லீரலுக்குள் நோய் பரவி வழியை அடைத்தாலோ, பின்னால் உள்ள குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் வெளியே தள்ளப்படும்.

மூன்றாவது, ஆல்புமின். நோயாளி சரியாகச் சாப்பிட முடிவதில்லை. உடலில் தொடரும் அழற்சியால், கல்லீரல் ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்து வேறு புரதங்களைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. இழுக்கும் பஞ்சு சிறுத்துப் போனால், நீர் குழாயில் தங்காது.

கனமழை நாளில் கோலாலம்பூரில் வரும் திடீர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். மழை கூடுதலாகப் பெய்கிறது, கால்வாய் குப்பையால் அடைபட்டிருக்கிறது, சாலையில் நீர் தேங்குகிறது. அப்போது வீட்டுச் சமையலறைக் குழாயை மூடினால் வெள்ளம் வடிந்துவிடுமா? நோயாளிக்குக் குடிநீரை நிறுத்துவதும் அப்படித்தான். வயிற்றுநீர் அதனால் வற்றாது; வாய் வறட்சியும் மலச்சிக்கலும் சோர்வும்தான் கூடும். இதய நோய், சிறுநீரக நோய் போன்ற வேறு காரணங்களுக்காக மருத்துவர் நீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும், அந்த அளவைப் பின்பற்ற வேண்டும்.

ஒரு கழித்தல் கணக்கு

எந்தக் காரணத்தால் நீர் சேர்ந்தது என்று மருத்துவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஊசி மூலம் சிறிதளவு வயிற்றுநீர் எடுத்து, அதில் உள்ள ஆல்புமினை அளக்கிறார்கள். அதே நாளில் இரத்தத்தில் உள்ள ஆல்புமினையும் அளக்கிறார்கள். பிறகு இரத்த அளவிலிருந்து வயிற்றுநீர் அளவைக் கழிக்கிறார்கள். அவ்வளவுதான்.

இரத்தத்தில் லிட்டருக்கு 30 கிராம், வயிற்றுநீரில் 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20. சவ்வு நன்றாகத்தான் இருக்கிறது, புரதத்தை உள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறது, அழுத்தம்தான் நீரை மட்டும் தள்ளியிருக்கிறது என்று பொருள். இன்னொருவருக்கு இரத்தத்தில் 30, வயிற்றுநீரில் 25. வித்தியாசம் 5 மட்டுமே. இங்கே புரதமும் சேர்ந்து கசிந்திருக்கிறது, சவ்வே பாதிக்கப்பட்டிருக்கிறது. எல்லைக்கோடு லிட்டருக்கு 11 கிராம்.

இந்தக் கணக்கு சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. வித்தியாசம் அதிகமாக இருந்தால், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை ஓரளவு உதவலாம். குறைவாக இருந்தால், அந்த மாத்திரையால் பெரும்பாலும் அதிகப் பயன் இருப்பதில்லை. “பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள், நம் தாத்தாவுக்கு ஏன் கொடுக்கவில்லை?” என்று வீட்டில் கேட்டால், நீங்கள் இப்போது பதில் சொல்ல முடியும். எடுத்த நீரில் புற்றுநோய் அணுக்களோ கிருமித் தொற்றோ இருக்கிறதா என்றும் பரிசோதிப்பார்கள்.

எடை சொல்லும் பொய்

ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய 1 கிலோகிராம். ஒருவர் இரண்டு மாதங்களுக்கு முன் 60 கிலோ இருந்தார், இன்றும் 60 கிலோ என்றால், “எடை குறையவில்லை, நல்லதுதான்” என்று குடும்பம் மகிழலாம். ஆனால், அவர் வயிற்றில் 7 லிட்டர் நீர் இருந்தால், உண்மையான உடல் எடை 53 கிலோதான். கைகளும் கன்னமும் ஒட்டிப்போய், வயிறு மட்டும் பெருத்திருப்பதன் காரணம் இதுவே. தசை கரைகிறது, அந்த இடத்தை நீரின் எடை மறைக்கிறது.

முற்றிய புற்றுநோயில் உடல் உணவைப் பயன்படுத்தும் முறையே மாறிவிடுகிறது. அதனால், கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தாலும் கரைந்த தசை திரும்புவதில்லை. போதாக்குறைக்கு, வயிற்றுநீர் இரைப்பையை வெளியிலிருந்து அழுத்துகிறது. நான்கு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று அவர் சொல்வது பிடிவாதம் இல்லை. அவருடைய இரைப்பைக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் இடம்.

நீரை எப்படி வெளியேற்றுகிறார்கள்?

வயிறு இறுகி, மூச்சு வாங்கி, படுக்க முடியாத நிலை வந்தால், நீரை வடித்து எடுப்பதே விரைவான நிவாரணம். அல்ட்ராசவுண்ட் கருவியால் பாதுகாப்பான இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பக்கவாட்டில் மெல்லிய குழாயைச் செருகுகிறார்கள். சில மணி நேரத்தில் பல லிட்டர் நீர் ஒரு பையில் வடியும். இரத்த அழுத்தம் குறைகிறதா என்று தாதி அவ்வப்போது பார்ப்பார். அன்றைக்கே பலருக்கு மூச்சு இலகுவாகி, கொஞ்சம் சாப்பிடவும் முடியும்.

இது புதிய முறை இல்லை. இசை மேதை பீத்தோவனுக்குக் கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் தேங்கியபோது, 1826 டிசம்பர் முதல் 1827 பிப்ரவரி வரை 4 முறை இப்படி வடித்தார்கள். மயக்க மருந்து, கிருமிநீக்கம், அல்ட்ராசவுண்ட் எதுவுமே இல்லாத காலம் அது. இன்றைய நோயாளிக்கு அந்த வேதனை இல்லை.

“நீரோடு உடம்பின் சத்தும் போய்விடுமே” என்று சிலர் அஞ்சுவார்கள். ஓரளவு புரதம் போவது உண்மைதான். ஆனால், வயிற்றில் தேங்கிய அந்தப் புரதம் நோயாளிக்கு வலுவைத் தருவதில்லை. அந்த நீரின் சுமை அவர் மூச்சையும் தூக்கத்தையும் கெடுக்கிறது. எது முக்கியம் என்று மருத்துவர் எடைபோட்டுத்தான் முடிவெடுக்கிறார்.

வடித்த நீர் மீண்டும் சேரும். சிலருக்கு ஓரிரு வாரத்திலேயே சேர்ந்துவிடும். காரணம் இன்னும் உடலில் இருப்பதால், இதைச் சிகிச்சையின் தோல்வி என்று எண்ண வேண்டாம். அடிக்கடி வடிக்க வேண்டியிருந்தால், தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாகப் பொருத்துவார்கள். அதன் வெளிமுனையில் ஒருவழி அடைப்பான் இருக்கும். தாதியோ, பயிற்சி பெற்ற குடும்பத்தினரோ வீட்டிலேயே சிறிது சிறிதாக நீரை வடிக்கலாம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் குழாய் முனையைச் சுத்தமாக வைப்பதும் இங்கே மிக முக்கியம். கிருமி உள்ளே போக அது ஒரு வாசல்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

முதலில் ஒன்று: இந்த நோய் தொற்றாது. அருகில் உட்காரலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

படுக்கையின் தலைப்பக்கத்தைத் தலையணைகளால் உயர்த்தி, அவரைச் சாய்ந்தவாறு உட்கார வையுங்கள். நேராகப் படுத்தால் நீர் உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரல் விரிய இடமில்லாமல் செய்யும். பக்கவாட்டில் படுப்பவருக்கு, வயிற்றுக்கு அடியில் ஒரு சிறு தலையணை வைத்தால் சுமை குறையும். கைலியைத் தளர்வாகக் கட்டிவிடலாம். இறுக்கமான இடுப்புப் பட்டை வேண்டாம். விரிந்து மெலிந்த தோலில் மணமில்லாத களிம்பை மென்மையாகத் தடவலாம்.

மூன்று வேளை பெரிய தட்டுக்குப் பதிலாக, ஆறு வேளை சிறு கிண்ணம். கஞ்சி, தயிர், முட்டை, மைலோ என்று அவருக்குப் பிடித்ததைக் கொஞ்சமாகக் கொடுங்கள். மருத்துவர் கணைய நொதி மாத்திரை கொடுத்திருந்தால், அது உணவோடு சேர்ந்தே உள்ளே போக வேண்டும். சாப்பிட்டு வெகுநேரம் கழித்துக் கொடுத்தால் பயன் குறையும். தாகத்துக்குச் சிறு மடக்குகளாக நீர் கொடுங்கள். வாய் வறண்டால் ஒரு சிறு பனிக்கட்டித் துண்டு இதம் தரும். விழுங்கும்போது இருமல் வந்தால், நிறுத்திவிட்டுத் தாதியிடம் கேளுங்கள்.

கால் வீங்கினால்

ஆல்புமின் குறைவதாலும் வயிற்றுநீர் குழாய்களை அழுத்துவதாலும் இரண்டு கால்களும் வீங்குவதுண்டு. கால்களை உயர்த்தி வைத்தால் ஓரளவு இதமாக இருக்கும்.

ஆனால், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருந்தால், அது வேறு கதை. புற்றுநோய்க்கும் இரத்தம் உறைவதற்கும் தொடர்பு உண்டு என்று பிரான்ஸ் நாட்டு மருத்துவர் அர்மான் ட்ரூசோ 1865இலேயே விளக்கினார். கணையப் புற்றுநோயில் இந்த ஆபத்து மிக அதிகம். அந்தக் காலில் எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் அல்லது நடுக்கம், கடுமையான வயிற்றுவலி, வடியும் நீர் கலங்கலாவது, ஓயாத வாந்தி, சிறுநீர் மிகவும் குறைவது, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது வந்தாலும், அவரைக் கவனிக்கும் மருத்துவக் குழுவைத் தாமதிக்காமல் அழைக்கச் சொல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. வீட்டில் நோயாளியைக் கவனிப்பதற்கென்றே அமைப்புகளும் இருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதலும், சிங்கப்பூரில் எச்சிஏ அந்திமகாலப் பராமரிப்பு அமைப்பு 1989 முதலும் இச்சேவையை வழங்குகின்றன. அவற்றின் மருத்துவர்களும் தாதியரும் கட்டணமின்றி வீட்டுக்கே வருகிறார்கள்.

மொழிபெயர்க்கும் பிள்ளைக்கு

பெரிட்டோனியத்தில் பரவிய கணையப் புற்றுநோயை இன்றைய மருத்துவத்தால் முழுமையாகக் குணப்படுத்த முடிவதில்லை. நீரை வடிப்பதும் வலியைக் குறைப்பதும், இருக்கும் நாட்களை இதமாக ஆக்குவதற்காக. இந்தக் கடினமான செய்தியைத் தாத்தாவிடம் சொல்லும் சுமையை நீங்கள் தனியாகத் தூக்க வேண்டியதில்லை. “இதைச் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது, தமிழ் தெரிந்த ஒருவரை அழைக்க முடியுமா?” என்று மருத்துவரிடமோ தாதியிடமோ தயங்காமல் கேளுங்கள். பள்ளியில் ஆலோசக ஆசிரியரிடமும் மனம்விட்டுப் பேசலாம்.

ஆனால், இதை மட்டும் நீங்கள் தெளிவாகச் சொல்ல முடியும்: “பாட்டி, அந்தத் தண்ணீர் தாத்தா குடித்தது இல்லை. அது இரத்தக் குழாயிலிருந்து கசிந்தது. அவர் கேட்டால் ஒரு டம்ளர் கொடுக்கலாம்.”